ஒன்பது வரி

ஆயர் ஈத்தாம், காலை ஏழு.
கறுப்புத் தண்ணீர் என்றே பெயர் வாங்கிய ஊர்.
சந்தைக்குப் பின்னால் ஆறு இன்னும் முகம் கழுவவில்லை.
கையுறை மாட்டி ஒரு லிட்டர் மொள்கிறேன்.
பாலத்தில் மோட்டார் சைக்கிளை நிறுத்தி ஒருவர் கேட்கிறார்:
"மீன் இருக்கா?"
"தண்ணியத்தான் கேக்கணும்."
அவர் சிரிக்கவில்லை.

வலை இல்லை, தூண்டில் இல்லை.
நீந்திப் போனவை உதிர்த்த செதில், சளி, கழிவு,
வெயில் இன்னும் அழித்து முடிக்காத மரபணுத் துணுக்குகள்
வடிதாளில் படிகின்றன
கோப்பையடித் தேநீர்க் கறைபோல.
அஸ்ருல் பெட்டியில் ஐஸ் கொட்டுகிறான்.
ஒரு குப்பியில் மட்டும் காய்ச்சி வடித்த நீர்.
அது எங்கள் சாட்சி. அதில் எதுவும் இருக்கக் கூடாது.

மூன்று வாரம் கழித்து முடிவு வந்தது:
சாட்சிக்குள் நெத்திலி.
ஆய்வகமே என்னைத் திரும்பிப் பார்த்தது.
ஆமாம், அன்றைக்கு நாசி லெமாக்.
கை கழுவினேன் என்றுதான் நினைத்தேன்.

மறுபடி மொண்டோம், வெறும் வயிற்றோடு.

இந்த முறை சாட்சி சுத்தம்.
ஆற்று நீரில் திலாப்பியா, நாற்பதாயிரம் வரி.
ஆப்பிரிக்கக் கெளுத்தி அதில் பாதி.
அப்புறம் கெம்போங். கடல் மீனுக்கு இங்கே என்ன வேலை?
"அடுக்குமாடிச் சாக்கடை" என்றாள் ச்சின் ஹுய்.
"யாரோ மத்தியானம் சாப்பிட்டது."
ஊர்ச் சமையல் எல்லாம் ஆற்றுக்குத் தெரிந்திருக்கிறது.

பட்டியலின் அடியில், கோட்டுக்கும் கீழே,
நன்னீர் மட்டி.
ஒன்பது வரி.
குளங்களில் பரவிவிட்ட சீன மட்டியோடு பொருந்தவில்லை.
பெயர் வரவேண்டிய கட்டம் காலி.

பத்துக்குக் குறைந்தால் நீக்கிவிட வேண்டும்.
அந்த விதியை எழுதியவள் நான்தான்.
நல்ல விதி. ஆசைப்பட்டதையெல்லாம்
கண்டதாகச் சொல்லாமல் இருக்கத்தான் எழுதினேன்.

மட்டிக் குஞ்சு ஒரு மீனின் செவுளைக் கவ்வி
சில வாரம் ஓசியில் பயணம் போகும்.
பிறகு உதிர்ந்து மணலில் இறங்கும்.
எந்த மீனும் ஆகிவிடாது.
தோதான மீன் அற்றுப்போனால் மட்டி உடனே சாவதில்லை.
வயதேறிக்கொண்டு சேற்றில் கிடக்கும், பிள்ளையில்லாமல்.
எங்கள் படிவத்தில் அதற்கும் "உண்டு" என்றே குறி.

இன்னொன்று. இழைமணி நமக்குத் தாய்வழிச் சொத்து.
சில மட்டிகளில் அப்பாவும் கொடுக்கிறார், மகனுக்கு மட்டும்.
அது வேறு எழுத்து, எங்கள் சாவிக்குத் திறக்காது.
ஆக, எனக்குக் கேட்ட ஒன்பதும்
அம்மாக்கள் பக்கத்துப் பேச்சு.

அறிக்கையில் நீக்கினேன்.
சனிக்கிழமை முழங்கால் ஆழத்தில் நின்றேன்.

கடைசி அடுக்குமாடிக்கும் மேலே, தடுப்பணைக்குக் கீழே
விரல்களால் தடவித் தடவி:
கரண்டி. டயர். ஊதுபத்திக் கிண்ணத்தின் உடைசல்.
அடுத்த சனி, மழை.
அதற்கடுத்த சனி, ஒரு செருப்பு. ஜோடி கிடைக்கவில்லை.
ஐந்தாம் சனிக்கிழமை ஏதோ ஒன்று
நான் தொட்டதும் இறுக மூடிக்கொண்டது.

இரண்டு விரல் நீளம். உச்சியில் ஓடு தேய்ந்து
உள்முத்து தெரிந்தது, பழைய வேட்டியில் முழங்கால்போல.
காத்திருந்தேன். கால் மரத்துப்போனது.
நூலளவு திறந்தபோது பஞ்சால் ஒருமுறை தொட்டேன்.
அவ்வளவுதான், வெட்டவில்லை.

திரும்ப வைக்கும்போதுதான் சந்தேகம் வந்தது,
எந்த முனை கீழே?
எல்லாம் படித்திருக்கிறேன், கைக்கு மறந்துவிட்டது.
பக்கவாட்டில் படுக்கவைத்தேன்.
அதுவே பார்த்துக்கொள்ளட்டும்.

இயந்திரம் பழுது, உதிரிபாகம் சிங்கப்பூரிலிருந்து வரணும்.
பஞ்சு உறைபெட்டியில் இருக்கிறது.
ஒரு மட்டிக்கு நான் பதில் சொல்லிவிடலாம்.
அதைச் சுமந்து வந்த மீன் எது?
என் பட்டியலில் இருப்பவை
திலாப்பியா, கெளுத்தி,
யாரோ சாப்பிட்ட கெம்போங்.

குப்பியின் மேல் பெயர் எழுதவில்லை.
தேதி மட்டும் போட்டிருக்கிறேன்.